லு மான் பார்ப்பது – கடிதம்

அன்புள்ள அண்ணா,

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் ரேசிங் அணி போர்ஷே 992 கார்களுக்கான பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, நானும் அறையில் உடன் இருக்கும் நண்பர்கள் இருவரும் இந்த நீண்ட பந்தயங்களைப் பார்க்க ஆரம்பித்தோம். அந்த ஜூனில் பிரான்சில் நடக்கும் லு மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தை முழுக்க விழித்திருந்து பார்ப்பது என்று உட்கார்ந்தோம். இரவு இரண்டு மணிக்குள் மூவருமே தூங்கிவிட்டோம். காலையில் எழுந்தால் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. கேமரா முன்னால் போகும் நான்கு கார்களை விட்டு நகர்வதில்லை. வர்ணனையில் சொல்லும் இடைவெளியோ பத்து நிமிடத்தில் தலைகீழாகிவிடுகிறது. இந்த ஆண்டும் பார்க்க ஆசை. முழுசாகப் பார்த்தே ஆகவேண்டுமா? வியாழக்கிழமை தகுதிச் சுற்றையும் பார்க்கணுமா?

கா., கோவை

அன்புள்ள கா.,

முழுசாகப் பார்க்க வேண்டாம். ஓட்டுகிறவர்களே முழுசாக ஓட்டுவதில்லையே. ஒரு காருக்கு மூன்று பேர். எந்த ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் ஒருவர் அதில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தமாக 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. அவர்கள் முறை வைத்துத் தூங்குகிறார்கள். நீங்களும் தூங்குங்கள், ஆனால் நேரம் பார்த்துத் தூங்குங்கள்.

பந்தயம் 2026 ஜூன் 13 சனிக்கிழமை. வழக்கம்போல அங்கே மாலை 4 மணிக்குக் கொடி அசைந்தால் நமக்கு இரவு 7:30. ஜூன் மாதத்தில் வடமேற்கு பிரான்சில் சூரியன் மறையவே இரவு பத்து மணி போல ஆகிவிடும். அதாவது நமக்கு ஒன்றரை மணி. நீங்கள் மூவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்ததெல்லாம் அவர்களுடைய பகல் வெளிச்சம். இருட்ட ஆரம்பித்த நேரத்தில் படுத்துவிட்டீர்கள்!

இந்த முறை மாற்றிச் செய்யுங்கள். முதல் இரண்டு மணி நேரம் பாருங்கள். பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தால் அங்கே இரவு ஒரு மணி, நல்ல இருட்டு. விடிவது ஆறு மணி வாக்கில், நமக்கு ஒன்பதரை. ஐரோப்பாவில் இருக்கும் ரசிகன் தூக்கத்தோடு மல்லுக்கட்டும் அந்த ஐந்து மணி நேரத்தை நீங்கள் தூங்கி எழுந்து காபியோடு பார்க்கலாம். நம் ஊரில் இருந்து லு மான் பார்ப்பதில் இருக்கும் பெரிய கொடுப்பினை இது.

அந்த இரவை எதற்காக இவ்வளவு சொல்கிறேன் என்றால், லு மான் வேறு எந்தப் பந்தயத்தைப் போலவும் இல்லாமல் போவது அங்கேதான். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் லாரியும் டிராக்டரும் போகிற பொதுச் சாலை. ஹுனோடியேர் நேர்ச்சாலையில் மைதான விளக்குகள் கிடையாது, கார் விளக்கு காட்டும் தூரம்தான் கண்ணுக்குத் தெரியும். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரும் ஹைப்பர்காருக்கு முன்னால் மெதுவான ஒரு ஜிடி காரின் சிவப்பு விளக்கு புள்ளியாகத் தெரிகிறது. எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறான், நம்மைப் பார்த்தானா, அடுத்த வளைவுக்கு முன்னால் தாண்டலாமா, பின்னால் காத்திருந்து சில வினாடிகளை விடலாமா? அறுபதுக்கு மேற்பட்ட கார்கள், மூன்று பிரிவுகள்: வேகத்தில் முதலில் ஹைப்பர்கார், அடுத்து எல்எம்பி2, கடைசியில் எல்எம்ஜிடி3 என்ற ஜிடி கார்கள். இரவு முழுக்க இந்தக் கேள்வி ஹைப்பர்கார் ஓட்டுநருக்கு வந்துகொண்டே இருக்கும். இதை வெளியில் இருந்து எடுத்த படத்தில் பார்த்துப் புரியாது. காருக்குள் இருக்கும் கேமரா கிடைக்கிற போதெல்லாம் அதற்கு மாறுங்கள்.

ஒருவேளை மழை வந்து, எல்லோரையும் தன் பின்னால் மெதுவாக வரவைக்கும் சேஃப்டி கார் நீண்ட நேரம் தடத்திலேயே இருந்துவிட்டால் தாராளமாக மறுபடி படுத்துக்கொள்ளுங்கள். 2024இல் இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே வரிசையாகப் போனார்கள்.

இப்போது இடைவெளிக் கணக்கு. நீங்கள் குழம்பியது இயல்பு, திரை காட்டும் எண் பாதி விஷயம்தான். ஒரு ஹைப்பர்கார் ஒரு தடவை பெட்ரோல் நிரப்பினால் ஏறக்குறைய 12 சுற்று ஓடும். பெட்ரோல் நிரப்பவும் டயர் மாற்றவும் நிறுத்தும் இடமான பிட்டுக்குள் வந்து போனால் ஒரு நிமிடம் போலப் போய்விடும். முதலில் இருப்பவர் 40 வினாடி முன்னால் என்று திரை சொல்கிறது. அவர் அடுத்த சுற்றில் பிட்டுக்கு வரவேண்டியவர், இரண்டாவது ஆள் மூன்று சுற்றுக்கு முன்புதான் வந்துவிட்டுப் போனார் என்றால், உண்மையில் முன்னால் இருப்பது இரண்டாவது ஆள். அதனால் போனில் அதிகாரப்பூர்வ டைமிங் பக்கத்தைத் திறந்து வையுங்கள். யார் எத்தனை முறை பிட்டுக்கு வந்தார்கள் என்ற பத்தி அதில் இருக்கும். இருபது நிமிடம் அதைப் பார்த்தால் பழகிவிடும்.

கேமரா பற்றிய உங்கள் புகாரோடு எனக்கு முழு உடன்பாடு. பிரிவு மூன்று, ஆனால் படம் ஒரு பிரிவுக்குத்தான் என்பது அநியாயம். எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் வெண்கலத் தரம் பெற்ற ஒருவர், அதாவது இதைத் தொழிலாகக் கொள்ளாதவர், இருந்தே ஆகவேண்டும். அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நேரத்தில்தான் அந்தப் பிரிவின் வரிசையே கலைந்து அடுக்கப்படும். அஜித் வழியாக வந்த உங்களுக்கு இந்தக் கார்கள் பிடிக்கும். ஒளிபரப்பு அவற்றைத் தேடிப் போகாது, நாம்தான் டைமிங் பக்கத்தில் தேட வேண்டும்.

ஆகவே ஒரு காரைத் தேர்ந்தெடுத்து அதன் கூடவே இருங்கள். ஜெயிக்கிற காராக இருக்க வேண்டியதில்லை. 2021இல் எல்எம்பி2 பிரிவில் 41ஆம் எண் கார் முதலிடத்தில் கடைசிச் சுற்றைத் தொடங்கியது. ஓட்டியவர் யே யிஃபெய், கூட்டாளிகளில் ஒருவர் ராபர்ட் குபிட்சா. அந்தச் சுற்றிலேயே கார் நின்றுவிட்டது. அதே அணியின் 31ஆம் எண் கார் பிரிவை வென்றது. முன்னால் போன டொயோட்டாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு வரிச் செய்தி. குபிட்சா 2011இல் ஒரு ராலி விபத்தில் வலது கை சிதைந்து பல ஆண்டுகள் ஃபார்முலா ஒன்னில் ஓட்ட முடியாமல் போனவர். அந்த இருவரும் ஃபில் ஹான்சனும் சேர்ந்து 2025இல் மஞ்சள் நிற 83ஆம் எண் ஃபெராரியில் ஒட்டுமொத்தப் பந்தயத்தையே வென்றார்கள். கொடியைத் தாண்டும்போது உள்ளே இருந்தவர் குபிட்சா. 41ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் அன்று அழுதிருப்பார்கள். நான் அழுதேன்.

இந்த ஆண்டுக்கு என் யோசனை, புதிதாக வந்திருக்கும் ஜெனிசிஸ். நம் ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்கிற ஹூண்டாயின் சொகுசு கார்ப் பிரிவு அது. புது அணிக்கு எப்போது எது உடையும், அதை எவ்வளவு நேரத்தில் சரிசெய்வார்கள் என்று கூடவே இருந்து பார்ப்பது தனி அனுபவம். உங்கள் கார் பிட்டுக்கு வரும்போது ஓட்டுநர் மாறுவதைக் கவனியுங்கள். பெட்ரோல் குழாய் மாட்டியிருக்கும்போதே கதவு திறக்கும். இறங்குகிறவர் தன் உடம்புக்கு வார்த்த இருக்கைத் திணிப்பை உருவிக்கொண்டு வெளியே வருவார். புதியவர் நுழைந்ததும், இவ்வளவு நேரம் ஓட்டிக் களைத்த அதே ஆள் குனிந்து அவருக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுவார். குழாயைக் கழற்றிய பிறகே டயரைத் தொட அனுமதி. சில வினாடிதான், அதற்குள் எத்தனை கைகள்!

ஞாயிறு மதியம் வேறு வேலை இருந்தால் ரேடியோ லு மான் கேளுங்கள். ஆங்கில ஒலி வர்ணனை, இலவசம். சமைத்துக்கொண்டே கேட்கலாம். மூன்று பிரிவையும் மதிக்கிறவர்கள் அவர்கள். நேரலை உரிமை அடிக்கடி கைமாறும் என்பதால் எதில் வருகிறது என்பதை வெள்ளிக்கிழமையே பார்த்துச் சந்தாவை முடித்துவிடுங்கள். அப்புறம், லு மானில் முதலில் ஓட்டிய இந்தியர் சென்னைக்காரரான கருண் சந்தோக். 2012இல் அவருடைய கார் ஒட்டுமொத்தமாக ஆறாவதாக வந்தது. ஃபார்முலா ஒன் ஒளிபரப்பில் நீங்கள் கேட்கும் அதே குரல்தான்.

தகுதிச் சுற்றைக் கேட்டிருந்தீர்கள். நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம். 2025இல் முதல் வரிசையின் இரண்டு இடத்தையும் கடிலாக் பிடித்தது, ஆனால் மேடை ஏறவில்லை. எடை குறைவு என்று தகுதிச் சுற்றில் நீக்கப்பட்டு ஹைப்பர்கார்களில் கடைசியாகக் கிளம்பிய 6ஆம் எண் போர்ஷே, 24 மணி நேரம் கழித்து 83ஐ விட 14 வினாடி மட்டும் பின்தங்கி இரண்டாவதாக வந்தது.

அன்புடன்