பண்டைய ரோமானியரின் உடையும் அணிகலன்களும் எதைக் காட்டின?

ரோமானிய ஆண்கள் அனைவரும் எப்போதும் டோகா அணிந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கனத்த கம்பளித் துணியான டோகாவை அணியும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது, அவர்களும் அன்றாட வேலைகளின்போது ட்யூனிக் என்னும் எளிய அங்கியையே உடுத்தினர். அந்த ட்யூனிக்கில் அகலமான ஊதாப் பட்டை இருந்தால் அவர் செனட்டர் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். மணமான பெண்களுக்கு ஸ்டோலா என்னும் நீண்ட அங்கி. அடிமையல்லாத குடும்பத்துச் சிறுவர்களின் கழுத்தில் புல்லா என்னும் தாயத்து.

அணிகலன்களின் வரலாறு இதைவிடச் சுவையானது. கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபாலுடனான போரின் நடுவே, கி.மு. 215இல் இயற்றப்பட்ட ஓப்பியச் சட்டம், பெண்கள் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருப்பதையும் பலவண்ண ஆடை உடுத்துவதையும் தடுத்தது. போர் முடிந்த பின்னும் அது நீடித்ததால், கி.மு. 195இல் பெண்கள் தெருக்களில் திரண்டனர், அரசியல்வாதி கேட்டோ கடுமையாக எதிர்த்தும் சட்டம் நீக்கப்பட்டது. ரோமானிய வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வுகளில் அதுவும் ஒன்று.

பேரரசுக் காலத்தில் முத்துமோகம் உச்சத்தை எட்டியது. லோலியா பாலினா என்னும் சீமாட்டி, ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கே 4 கோடி செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) மதிப்புள்ள முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தாமே கண்டதாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். ரோமுக்குக் கப்பலேறிய முத்துகளில் பாண்டிய நாட்டுக் கொற்கை முத்துகளும் அடங்கும்.