முந்தானை பட்டாலே எரியுது!

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 67 வயசு. நாலு மாசம் முன்னாடி இடது பக்க நெஞ்சுல அக்கி வந்துச்சு, அக்கி எழுதியும் பாத்தோம் மாத்திரையும் குடுத்தோம், புண்ணு நல்லா ஆறிடுச்சு. ஆனா இப்பவும் முந்தானை பட்டாலே நெருப்பா எரியுதுங்கறாங்க, இந்த மே மாச வெயில்ல கூட ஃபேன் காத்து படாம செவுத்தோரமா உக்காந்துக்கறாங்க. வீட்ல சிலர் எல்லாம் மனப்பிரமைங்கறாங்க. இதுக்கு குளூட்டமேட் காரணம்னு படிச்சேன், அஜினோமோட்டோலயும் அதானே இருக்கு, அப்ப அத நிறுத்தணுமா? நரம்பு வலிக்குக் குடுத்த ப்ரீகாபலின் மாத்திரை போட்டா தூங்கித் தூங்கி விழறாங்க, அதையும் நிறுத்திடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பிரமைன்னு சொல்றவங்களுக்கு இதப் படிச்சுக் காட்டுங்கம்மா. அந்த எரிச்சல் நிஜம். அக்கி தோலோட போறதில்ல, நரம்பையே கெடுத்துட்டுப் போகும், கெட்டுப்போன நரம்பு புண்ணு ஆறின பிறகும் தண்டுவடத்துக்கு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். அங்க அந்த சிக்னல அடுத்த செல்லுக்குக் கடத்தறதுதான் குளூட்டமேட். அத வாங்கிக்கற ரிசெப்டர்ல ரெண்டு முக்கியம். ஆம்பா உடனே திறக்கும், சாதாரண வலிக்கு பெரும்பாலும் அதுவே போதும். இன்னொண்ணு என்எம்டிஏ, அதோட வாசல்ல மெக்னீசியம் அடைச்சுக்கிட்டு நிக்கும், ஆனா வலி சிக்னல் விடாம வந்தா அந்த அடைப்பு விலகி கால்சியம் உள்ள பாயும், கால்சியம் போனதும் அந்த செல்லு ஆம்பாவ இன்னும் அதிகமா மேல கொண்டு வந்து வைக்கும், அப்புறம் வெறும் தொடுதல் சிக்னல் கூட அதுக்கு வலியாத்தான் கேக்கும். முந்தானை எரியறது இதனாலதான். காயத்துக்கு அப்புறம் தண்டுவடமே இப்படி மாறுதுன்னு 1983லயே க்ளிஃபோர்ட் உல்ஃப்ங்கற நரம்பு விஞ்ஞானி எலிகள்ல காட்டிட்டார். இது ஸ்கேன்ல தெரியாது, அதான் பாவம் நிறைய பேருக்கு நடிப்புன்னு பேரு வந்துடுது.

என்எம்டிஏவ மொத்தமா அடைச்சிடலாமேன்னு தோணும். கெட்டமின்ங்கற மயக்க மருந்து அதத்தான் செய்யுது, ஆனா மூளையில ஞாபகத்துக்கும் அதே ரிசெப்டர்தான் வேணும், அதனால டாக்டர் பக்கத்துல இருந்து பாத்துத்தான் குடுப்பாங்க.

அஜினோமோட்டோவுக்கும் இதுக்கும் முடிச்சு போடாதீங்க. தண்டுவடத்துக்கு வேண்டிய குளூட்டமேட்ட நரம்பு மண்டலமே தயாரிச்சுக்குது, சாப்பாட்டுல வர்றதுல பெரும்பகுதிய குடலே செலவு பண்ணிடும்.

ப்ரீகாபலின் நரம்பு முனைல குளூட்டமேட் வெளிய வர்றதயே குறைக்குது, அதனால திடீர்னு நிறுத்தவே கூடாது. தூக்கம் ஜாஸ்தின்னா எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட சொல்லி அளவ மாத்துங்க, ராத்திரி பாத்ரூம் போறப்ப கூடவே போங்க, தலை சுத்தி விழுந்துடப் போறாங்க. அந்த இடத்துல ஒட்டற, மரத்துப்போக வைக்கற லிடோகெயின் பிளாஸ்டர் சரிவருமான்னும் கேளுங்க, முந்தானை உரசறப்ப வர்ற எரிச்சலுக்கு அது நிறைய பேருக்குக் கேக்குது.