மகளோடு சேர்ந்து எந்தப் படம் பார்ப்பது?

வணக்கம். மனைவியின் 11 வயது மகள் உங்களை இன்னும் ‘அங்கிள்’ என்றே அழைக்கிறாள், அவளுடைய அப்பா ஞாயிறுதோறும் வந்து போகிறார், மூவருமாகப் பார்க்க ஒரு படம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள்.

‘பாய்ஹூட்’ (2014) மட்டும் இப்போது வேண்டாம். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் அதே நடிகர்களை வைத்து 12 ஆண்டுகளாக எடுத்த அருமையான படம்தான். ஆனால் அதில் அம்மாவின் இரண்டாம் கணவர் குடிகாரர். பையன் ஆசையாக வளர்த்த முடியை அவனைக் கேளாமலே ஒட்ட வெட்ட வைப்பார். அவருடைய குடிவெறியைவிட அந்தக் காட்சிதான் என்னை அதிகம் உறுத்தியது. நீங்கள் தனியாகப் பாருங்கள்.

‘என்னை அறிந்தால்’ (2015) படத்தில் அஜித் இறந்த காதலியின் மகளைத் தன் மகளாகவே வளர்ப்பார். அழகுதான், ஆனால் ஒரு பாட்டுக்குள் ஊர் ஊராகச் சுற்றி இருவரும் ஒட்டிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பாட்டு சில வருடங்கள் ஓடும்!

என் தேர்வு ‘இன்ஸ்டன்ட் ஃபேமிலி’ (2018). இயக்குநர் ஷான் ஆண்டர்ஸ் தாமே மூன்று உடன்பிறப்புகளைத் தத்தெடுத்தவர். படத்திலும் ஒரு தம்பதி மூன்று உடன்பிறப்புகளை வளர்க்க அழைத்து வருவார்கள். அவர்களில் மூத்த பெண் பெற்ற தாய்க்காகவே காத்திருப்பாள். புதிய பெற்றோரோ, ‘தெரியாமல் மாட்டிக்கொண்டோமே’ என்று படுக்கையில் புலம்புவார்கள். அந்த நேர்மைக்காகவே பிடிக்கும். சில வசனங்கள் 11 வயதுக்கு அதிகம். மனைவி முதலில் பார்த்துவிடட்டும். படம் முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று மகளைக் கேட்காதீர்கள். அவளே பேசினால் பேசட்டும்.