ஊசி என்றாலே அலறும் குழந்தை

கேள்வி: என் 5 வயது மகளுக்கு அடுத்த வாரம் தடுப்பூசி. போன முறை மூன்று பேர் பிடித்துப் படுக்கவைத்துத்தான் போட்டார்கள். இப்போது மருத்துவமனை வாசலைக் கண்டாலே அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்கிப் பிடித்தது அவள் பயத்தைப் பெருக்கியிருக்கும். இந்த முறை யாரும் அப்படிப் பிடிக்க வேண்டாம். உங்களைப் பார்த்தபடி, இரு கால்களையும் உங்கள் இடுப்பின் இருபுறமும் போட்டு மடியில் உட்காரட்டும். அவளுடைய ஒரு கை உங்கள் முதுகைச் சுற்றியிருக்க, ஊசி போடும் கையை மட்டும் முழங்கையருகே அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இப்படித்தான் உட்காருவோம் என்று செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலியைக் குறைக்க, லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த, தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. எவ்வளவு, எந்த இடத்தில் பூசுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேய்த்துவிடாமல் கனமாகப் பூசி, அதற்கான ஒட்டுப்படலத்தால் மூடி, குறைந்தது 60 நிமிடம் விட வேண்டும். காத்திருக்கும் அறையில் பத்து நிமிடம் முன்பு பூசினால் பலன் இருக்காது. களிம்பே வீண் என்று பலர் நினைப்பது இதனால்தான். பூசிய இடம் வெளுப்பதோ லேசாகச் சிவப்பதோ இயல்பு. தோல் மரத்துப்போனாலும் மருந்து தசைக்குள் இறங்கும்போது ஓர் அழுத்தம் தெரியும். அதை அவளிடம் மறைக்காதீர்கள்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி, பிறகு வலித்தால் அடுத்த முறை உங்களை நம்பமாட்டாள். முந்தின நாள் சொன்னால் போதும்: "நாளைக்குக் கையில ஊசி. சுருக்குன்னு இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும். நான் உன்னை மடியிலேயே வெச்சிருப்பேன்." "போட்டுக்கலாமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? எந்தக் கை, பார்ப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

ஊசி போடும் நேரத்தில் "பயப்படாதே, ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்வது பயத்தைக் கூட்டவே செய்யும். சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். நீளமாக மூச்சை விடும்போது உடல் தளரும். அழுதால் அழட்டும், அதட்ட வேண்டாம். முடிந்ததும் "கையை அசைக்காம வெச்சிருந்தியே" என்று அவள் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்கு அந்த நினைவு உதவும்.

சாப்பிட மறுத்தால் "ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் யாரும் மிரட்டக் கூடாது. பாட்டி, தாத்தாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மருத்துவரை அவள் தொடவே விடவில்லை என்றால், குழந்தை உளவியலாளரைப் பாருங்கள். ஊசியின் படம், பொம்மை ஊசி, நிஜ ஊசி என்று படிப்படியாகப் பழக்குவார்கள்.