குழந்தைக்குக் கல்லீரல் மாற்று: பிரிட்டனில் இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வேலை விசாவில் பிரிட்டனுக்கு வந்து எட்டு மாதம். இங்கே பிறந்த ஐந்து மாதப் பெண் குழந்தைக்குப் பித்தக்குழாய் அடைபட்ட நோய். பித்தம் வடியக் குடலை ஈரலோடு இணைக்கும் கசாய் என்ற அறுவை செய்தும் காமாலை இறங்கவில்லை, கல்லீரல் மாற்றுதான் வழி என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இங்கேயே இருப்பதா, சொந்தபந்தம் இருக்கும் ஊருக்குத் திரும்பிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மகனுக்கும் இதே நோய்தான். பதினொன்றாம் மாதத்தில் கல்லீரல் மாற்றினார்கள். இப்போது அவனுக்கு 14 வயது. அன்று நாங்களும் இதே கேள்வியில்தான் பல இரவுகளைக் கழித்தோம். எந்த நாட்டில் அறுவை நன்றாகச் செய்வார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் புரிந்தது: அறுவை ஒரு நாள் வேலை. அதற்குப் பின் காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை என்று ஆயுள் முழுவதும் மருந்து இருக்கிறது. இரத்தப் பரிசோதனை இருக்கிறது. நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் குழந்தையின் கோப்பைத் திறந்து பார்க்கும் மருத்துவர் வேண்டும். அடுத்த பதினைந்து, இருபது வருடம் நீங்கள் எங்கே வாழப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அறுவை எங்கே என்பதற்கான விடை அதிலேயே இருக்கிறது.

திறமை என்று பார்த்தால் இரு பக்கமும் குறையில்லை. 1998-இல் டெல்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு இதே நோய்க்காகத் தகப்பனின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார். ஆகவே ஊருக்குப் போனால் குழந்தை பிழைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். இங்கே இருப்பது சுயநலம் என்று உறவினர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆனால் விசா விஷயத்தை இந்த வாரமே பாருங்கள். இங்குள்ள அரசு மருத்துவத்துக்காக விசாவோடு பெற்றோர் கட்டிய சுகாதாரக் கூடுதல் கட்டணத்தின் பேரில், இங்கே பிறந்த குழந்தைக்கு மூன்று மாதம் வரைதான் கட்டணமில்லாச் சிகிச்சை. அதற்குப் பிறகு அவள் பெயரிலேயே விசா வேண்டும். விண்ணப்பம் இன்னும் போகவில்லை என்றால் உடனே அனுப்புங்கள். குழந்தைக்கு அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. நாங்கள் வந்த காலத்தில் இந்தக் கட்டணமே கிடையாது, அதனால் பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். விசா இல்லாமல் குழந்தையை வெளியே கூட்டிப் போய்விட்டால் திரும்பி வரும்போது வாசலிலேயே நிற்க நேரும். உங்கள் விசாவில் இருப்பவர்களின் குழந்தைக்கு, இறந்தவர் தரும் உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் என்ன நிலை என்பதையும், மருத்துவமனையில் மாற்று அறுவைக்கான ஏற்பாடுகளைப் பார்க்கும் ஒருங்கிணைப்புச் செவிலியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலை பற்றி ஒரு எச்சரிக்கை. விசா தந்த நிறுவனத்தில் சம்பளமில்லா விடுப்பு ஓர் ஆண்டில் நான்கு வாரத்தைத் தாண்டினால், சில விலக்குகள் நீங்கலாக, அவர்கள் உங்கள் விசாவுக்குத் தரும் ஆதரவை நிறுத்த வேண்டிவரும். அறுவைக்குப் பின் யாராவது ஒருவர் மாதக்கணக்கில் குழந்தையோடு இருக்க வேண்டும். அது விசாவுக்கு உரியவராக இல்லாமல் இருப்பது நல்லது. முதலாளியிடம் மறைக்காமல் முன்கூட்டியே பேசுங்கள். ஊனமுற்ற குழந்தைக்கான உதவித்தொகை உண்டு என்று நல்ல மனதோடு பலர் சொல்வார்கள். பொது நிதி, அதாவது இத்தகைய அரசு உதவித்தொகை, பெறக் கூடாது என்று உங்கள் விசாவில் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

இனி காத்திருக்கும் காலம். பிரிட்டனில் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றும் இடங்கள் பர்மிங்காம், லீட்ஸ், லண்டன் என்று மூன்றே. பெற்றோர் தங்க அறக்கட்டளை விடுதிகள் அருகில் இருக்கும். மதிப்பீட்டுக்குப் போகும்போதே அதைக் கேட்டு வையுங்கள். வீட்டில் இருக்கும் நாட்களில் உங்கள் முழு நேர வேலை குழந்தையின் எடையை ஏற்றுவதுதான். நோயுற்ற கல்லீரலுக்கு ஏற்ற கொழுப்பு கலந்த சிறப்புப் பால் தருவார்கள். எங்கள் மகனுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டு இரவெல்லாம் பம்பில் பால் போகும். குழாயைப் பிடுங்கி எறிந்துவிடுவான். முதல் தடவை கை நடுங்க அதைத் திரும்பப் போட்டேன், பத்தாவது தடவை தூக்கக் கலக்கத்திலும் போட்டேன். இதையெல்லாம்விட என்னை வாட்டியது அரிப்பு. பித்தம் இரத்தத்தில் தேங்குவதால் குழந்தை காதையும் கன்னத்தையும் இரத்தம் வரச் சொறிவான். நகத்தைத் தினமும் வெட்டி, துணி உறை போட்டு, மடியிலேயே வைத்திருந்தேன். அரிப்புக்கு மருந்து இருக்கிறது. குழந்தை அழுகிறது என்று மட்டும் சொல்லாமல், அரிப்பால் தூங்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையே தரும், உங்களுக்குச் செலவில்லை. என் கணவர் எனக்கு மொழிபெயர்த்தபோது பயமூட்டும் வரிகளை விழுங்கிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

உயிரோடு இருப்பவர் தருவது பற்றி. கைக்குழந்தைக்குப் பெரியவரின் கல்லீரலில் இடப்பக்கத்துச் சிறு பகுதி போதும். தந்தவருக்கு மீதி வளர்ந்துவிடும். நீங்களோ மனைவியோ தர முன்வந்தால் தனி மருத்துவக் குழு பரிசோதிக்கும். அதோடு, உயிரோடு இருப்பவர் உறுப்பு தர அனுமதி வழங்கும் மனித திசு ஆணையத்தின் விதிப்படி சுயேச்சையான ஒருவர் தருபவரைத் தனியாகச் சந்தித்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று கேட்பார். எங்கள் வீட்டில் என் இரத்த வகை சேரவில்லை, கணவருக்கு ஈரலில் கொழுப்பு. அன்று அவர் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் குழந்தையைக் கைவிட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். பட்டியல் இருக்கிறது. இறந்தவர் தந்த கல்லீரலை இரண்டாகப் பிரித்து, சிறு பகுதியைக் குழந்தைக்கும் பெரும்பகுதியை ஒரு பெரியவருக்கும் வைப்பார்கள்.

எங்களுக்கு முதல் அழைப்பு வந்து, மருத்துவமனைக்கு ஓடி, குழந்தையைக் குளிப்பாட்டித் தயாராக்கிய பிறகு, அந்தக் கல்லீரல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இதை யாரும் எங்களிடம் முன்னரே சொல்லியிருக்கவில்லை. இப்படி நடக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இரண்டாவது அழைப்பு ஐந்து வாரம் கழித்து அதிகாலை மூன்று மணிக்கு வந்தது. அறுவை அரங்கின் கதவு மூடிய பிறகுதான், அதே இரவில் எங்கோ ஒரு வீட்டில் பிணம் கிடக்கிறது என்ற நினைப்பு வந்து என்னைத் தாக்கியது. அந்தக் குடும்பத்துக்குப் பெயரில்லாமல் கடிதம் எழுதலாம், ஒருங்கிணைப்புச் செவிலியர் சேர்ப்பிப்பார்கள். நான் எழுத மூன்று வருடம் ஆயிற்று. பதில் வரவில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறேன்.

மூத்த மகனுக்கு நான்கு வயது என்று எழுதியிருந்தீர்கள். அவனைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். அந்த நாட்களில் எங்கள் மூத்த மகளுக்கு ஆறு வயது. தம்பிக்குத் தொற்றிவிடும், தன்னை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். ஆசிரியர் அழைத்துச் சொன்னபோது நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அறுவை நன்றாக முடிந்தபின், உடல் புது ஈரலை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து உங்கள் வீட்டுக் கடிகாரமாகிவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேளை. இரத்தப் பரிசோதனை நாளில், இரத்தம் எடுத்த பின்புதான் காலை வேளை மருந்தைத் தர வேண்டும். ஒரு கம்பெனி மருந்தில் தொடங்கினால் அதிலேயே இருக்க வேண்டும். ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மாற்றினால் இரத்தத்தில் அளவு மாறி, உடல் ஈரலை நிராகரிக்கத் தொடங்கலாம். இங்கே குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டுக்குக் காசில்லை, அதனால் மாற்றத் தேவையும் இல்லை. கிரேப்ஃப்ரூட் கூடாது; அது திராட்சை அல்ல, ஆரஞ்சு போன்ற பெரிய பழம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை வேறு மருத்துவர் எழுதினால், கொடுக்கும் முன் மாற்று மையத்துக்கு ஃபோன் செய்யுங்கள். முதல் ஆண்டில் நிராகரிப்பு வரவே வராது என்று இருக்காதீர்கள். எங்களுக்கு இரண்டு முறை வந்தது, ஸ்டீராய்டில் அடங்கியது. நம் நிறத்துக்கு எதற்கு என்று வெயில் கிரீமை ஒதுக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல்.

ஊருக்குப் போக முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், முதல் ஆண்டு மட்டும் வேண்டாம். நாங்கள் மூன்றாம் ஆண்டு போனோம். இரட்டிப்பு மருந்து கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு. கோடையில் இந்தியா நான்கரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே காலை எட்டு மணி வேளை அங்கே பகல் பன்னிரண்டரைக்கு வந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

கடைசியாக, இது அவசரம். மாற்று அறுவைக்குப் பின் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைப் பொதுவாகப் போட மாட்டார்கள். தட்டம்மை ஊசி வழக்கமாக ஒரு வயதில் போடுவது. மாற்றுக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்திலேயே போட முடியும், ஆனால் அறுவைக்குச் சில வாரங்கள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அடுத்த மாதம் ஆறு மாதம் நிறைகிறது. நாளைக் காலையே ஒருங்கிணைப்புச் செவிலியரை அழைத்து, தேதி கேளுங்கள்.