பன்னிரண்டு நாட்கள்

அன்புள்ள ஐயா,

2004-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, அன்றைய அதிபர் புஷ்ஷின் படைப் பணி பற்றிச் சில ஆவணங்களைக் காட்டி ஒளிபரப்பிய செய்தியைக் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதை வழங்கிய செய்தி வாசிப்பாளர் டான் ராதர் விலகியது நியாயம்தான் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆவணங்கள் போலியாகவே இருக்கட்டும். ஜார்ஜ் புஷ் இளமையில் தேசியக் காவல் படை என்ற பகுதிநேர ராணுவப் பணியை ஒழுங்காகச் செய்யவில்லை என்ற சந்தேகம் அதற்கு முன்பே பல பத்திரிகைகளில் வந்ததுதானே? சொன்ன விஷயத்தில் உண்மை இருக்கும்போது, காட்டிய காகிதம் சரியில்லை என்பதற்காக இருபத்து நான்கு ஆண்டுகள் இரவுச் செய்தி வாசித்த ஒருவரை வெளியே அனுப்புவதா?

இன்று எந்த ஆதாரமும் இல்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று இரவு முழுவதும் முழங்குகிறார்கள். பொய் என்று தெரிந்த பிறகும் யாரும் விலகுவதில்லை. என் அப்பாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. ஒரு மருத்துவர் மீது தொலைக்காட்சி சுமத்திய குற்றச்சாட்டை நாள் முழுவதும் பார்த்தார். அது தவறு என்று அதே நிறுவனம் இரண்டு வாரம் கழித்து, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளில் ஒப்புக்கொண்டது. அப்பா அதைப் பார்க்கவில்லை. நான் எடுத்துச் சொன்னால், "டிவியிலேயே காட்டினார்களே" என்கிறார். நிலைமை இப்படி இருக்கும்போது, மன்னிப்பாவது கேட்ட ராதரைப் போய்க் குறை சொல்கிறீர்களே?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அப்பாவைப் பற்றிய அந்தச் சில வரிகளை நான் பலமுறை படித்தேன். என் கட்டுரையில் நான் சொல்லத் தவறியது அதில் இருக்கிறது. ஆனால் முதலில் ராதரைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

ராதர் தவறு செய்ததற்காக விலகியது நியாயம் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தவறை அவரும் அவருடைய நிறுவனமும் பன்னிரண்டு நாட்கள் தாங்கிப் பிடித்தார்கள். என் கோபமெல்லாம் அந்தப் பன்னிரண்டு நாட்கள் மீதுதான். கட்டுரையில் இதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். 1984-ல் இறந்துபோன, படையில் புஷ்ஷின் மேலதிகாரியாக இருந்த ஜெர்ரி கில்லியன் 1972, 1973-ல் புஷ்ஷைக் குறை கூறி எழுதியவை என்று சொல்லப்பட்ட குறிப்புகள் அவை. டெக்சாஸ் காவல் படையின் முன்னாள் அதிகாரி பில் பர்கெட், செப்டம்பர் 2-ம் தேதி இரண்டு காகிதங்களையும் 5-ம் தேதி மேலும் நான்கையும் தயாரிப்பாளர் மேரி மேப்ஸ் குழுவிடம் கொடுத்தார். 8-ம் தேதி இரவு நிகழ்ச்சி ஒளிபரப்பாகிவிட்டது. முதல் காகிதம் கைக்கு வந்து ஆறே நாட்கள். அதிபர் தேர்தலுக்கு எட்டு வாரம்.

வந்தவை எல்லாம் நகல்கள். மூலப்பிரதி ஒன்றுகூட இல்லை. நகலை வைத்துக்கொண்டு தாளின் வயதையோ மையின் வயதையோ யாராலும் சொல்ல முடியாது. கையெழுத்தை வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிபிஎஸ் அழைத்த நிபுணர்களில் இருவர் ஒளிபரப்புக்கு முன்பே சந்தேகம் தெரிவித்திருந்தார்கள். ஒருவர் கையெழுத்து பொருந்துவதாகச் சொன்னார். அந்த ஒருவர் திரையில் வந்தார். மற்ற இருவரின் சந்தேகம் பார்வையாளரின் காதுக்கு எட்டவே இல்லை.

இன்னொரு விவரம் என்னை இன்றுவரை உறுத்துகிறது. ஒளிபரப்பு நாளன்று காலையில் ஆவணங்களை வெள்ளை மாளிகைக்குக் காட்டினார்கள். அங்கிருந்து மறுப்பு வரவில்லை. மறுக்கவில்லை என்பதையே உறுதிசெய்துவிட்டார்கள் என்று குழு எடுத்துக்கொண்டது. இருபது ஆண்டுக்கு முன் இறந்தவரின் மேசையில் இருந்ததாகச் சொல்லும் காகிதத்தைச் சில மணி நேரத்தில் வெள்ளை மாளிகை அதிகாரி எப்படிச் சோதித்திருக்க முடியும்? எதிர்த்தரப்பின் மௌனத்தைச் சான்றாக எண்ணிக்கொள்வது செய்தியாளர்களுக்கு எளிதில் வருகிற சபலம். நானும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

மறுநாளே கேள்விகள் எழுந்தன. எழுத்துகளின் இடைவெளியும், எண்ணை ஒட்டி மேலே சிறியதாக நின்ற எழுத்தும் எழுபதுகளின் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தைவிட நம் கணினியின் அச்சைப் போலவே இருக்கின்றன என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். அப்போது சிபிஎஸ் என்ன செய்திருக்க வேண்டும்? நிகழ்ச்சியில் சம்பந்தப்படாத சிலரிடம் கோப்பைக் கொடுத்து, முதலிலிருந்து சரிபார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். செய்திப் பிரிவின் தலைவர் ஆண்ட்ரூ ஹேவர்ட் 10-ம் தேதியே மறுஆய்வுக்கு உத்தரவிட்டார். அந்த ஆய்வு நடக்கவில்லை. நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களே அதைத் தற்காக்கும் பொறுப்பிலும் இருந்தார்கள். ஆவணம் வந்த இடம் அப்பழுக்கற்றது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பர்கெட்டோ, யாரிடமிருந்து பெற்றேன் என்பதில் தாம் பொய் சொன்னதைப் பிறகு ஒப்புக்கொண்டார். 20-ம் தேதிதான் ஆவணங்களின் உண்மைத்தன்மையை நிரூபிக்க முடியாது என்று நிறுவனம் அறிவித்தது. ராதர் மன்னிப்புக் கேட்டார்.

இந்தப் பன்னிரண்டு நாட்களில் நடுவே ஒன்று நடந்தது. கில்லியனின் அலுவலகத்தில் செயலாளராக இருந்த பெண்மணி முன்வந்தார். இந்தக் குறிப்புகளை நான் தட்டச்சு செய்யவில்லை, இவை போலி, ஆனால் இதில் உள்ளவை அவர் மனத்தில் இருந்தவைதான் என்று சொன்னார். ராதர் அவரைப் பேட்டி கண்டு ஒளிபரப்பினார். 'காகிதம் பொய், விஷயம் மெய்' என்ற வாதம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுப்புவதும் அதே வாதம்.

ஆர்., இந்த வாதத்தை நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன். அந்தச் செய்தியில் புதிதாக இருந்தது அந்தக் காகிதங்கள் மட்டுமே. பழைய சந்தேகத்தை மறுபடி சொல்வதற்காக அந்த நிகழ்ச்சி தயாரிக்கப்படவில்லை. இதோ சான்று என்று சொல்வதற்காகத் தயாரிக்கப்பட்டது. சான்று போன பிறகும் தீர்ப்பு நிற்கட்டும் என்று ஒரு செய்தி நிறுவனம் சொன்னால், உங்கள் அப்பா பார்த்த அந்த நிறுவனத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அவர்களும் அந்த மருத்துவரைப் பற்றி மனத்துக்குள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்: இந்த ஆதாரம் சரியில்லை, ஆனாலும் ஏதோ தப்பு நடந்துதான் இருக்கும்.

இதில் எனக்குப் பெரும் துயரம் தருவது, அந்த உண்மையான கேள்விக்கு என்ன ஆயிற்று என்பதுதான். செப்டம்பர் 8-க்குப் பிறகு புஷ்ஷின் படைப் பணியைப் பற்றி யாராலும் பேச முடியவில்லை. பேசினால் உடனே தட்டச்சு இயந்திரத்தைப் பற்றிய பேச்சாக அது மாறியது. 1992 நவம்பரில் அமெரிக்காவின் இன்னொரு தொலைக்காட்சியான என்பிசியிலும் இதே கதைதான். ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளின் பக்கவாட்டு எரிபொருள் தொட்டி மோதலில் ஆபத்தானதா என்பது மனித உயிர் சம்பந்தப்பட்ட, கேட்டே ஆகவேண்டிய கேள்வி. ஆனால் மோதல் காட்சியில் தீ கட்டாயம் பிடிக்க வேண்டும் என்று டிரக்கின் அடியில் தீப்பொறிக் கருவிகளைப் பொருத்திவிட்டுப் படம் பிடித்தார்கள். 1993 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்குத் தொடுத்த மறுநாளே அதே நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டார்கள். என்பிசி செய்திப் பிரிவின் தலைவர் அடுத்த மாதம் விலகினார். மன்னிப்பு விரைவாக வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதன் பிறகு தொட்டியைப் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் அந்தத் தீப்பொறிக் கருவிகளே பதிலாக நின்றன.

மேரி மேப்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அதே 2004-ன் ஏப்ரலில், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைச் சித்திரவதை செய்த படங்களை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சியும் அவர் தயாரித்ததுதான். ராணுவத் தரப்பே அந்த நிகழ்ச்சியில் வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பணியைச் செய்த கை இது. திறமையற்றவர்களும் கெட்டவர்களும்தான் இப்படிச் சறுக்குவார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஏப்ரலில் ஜெயித்தவருக்குச் செப்டம்பரில் 'பொறு' என்று சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருவரும் இல்லை.

அமெரிக்கச் சட்டத் துறையின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் தார்ன்பர்க், அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் லூயிஸ் பொக்கார்டி இருவரும் விசாரித்து, 2005 ஜனவரியில் 224 பக்க அறிக்கை கொடுத்தார்கள். ஆவணங்கள் போலி என்று அறுதியிட்டுச் சொல்ல அவர்களும் துணியவில்லை. சரிபார்க்காமல் ஒளிபரப்பியதும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தற்காத்ததும் குற்றம் என்றார்கள். மேப்ஸ் நீக்கப்பட்டார். மேலும் மூவர் விலகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ராதர் மார்ச் 9-ம் தேதி இரவுச் செய்தியிலிருந்து விலகினார். ஹேவர்ட் அந்த வேளையில் பதவியில் நீடித்தார். இங்கே உங்கள் கோபத்தோடு நான் சேர்ந்துகொள்கிறேன். மறுஆய்வுக்கு உத்தரவிட்டு, அது நடந்ததா என்று பார்க்காத நாற்காலிக்கும் கணக்கு இருந்திருக்க வேண்டும்.

ராதர் அந்த ஆவணங்களைச் சரிபார்ப்பதில் பெரிய பங்கு வகிக்கவில்லை என்பது உண்மை. புயல் செய்திக்கும் கட்சி மாநாட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அப்படியிருக்க அவருக்கு ஏன் பொறுப்பு என்று கேட்கலாம். தொலைக்காட்சியில் உழைப்பவர் ஒருவர், முகம் கொடுப்பவர் இன்னொருவர். பார்ப்பவர் அந்த முகத்தை நம்பித்தான் செய்தியை ஏற்கிறார். மேப்ஸ் யார் என்று பார்வையாளர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 'நான் சொல்கிறேன்' என்று திரையில் உட்காருகிறவர், சொல்வதைத் தானும் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

பொறுப்பேற்பது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு நினைவுக்கு வருவது 2012 நவம்பர். பிபிசியின் 'நியூஸ்நைட்', சிறுவர் இல்லக் கொடுமை பற்றிய செய்தியில் ஒரு மூத்த அரசியல்வாதி மீது குற்றம் சுமத்தியது. பெயரைச் சொல்லவில்லை, ஆனால் இணையத்தில் மெக்கால்பைன் பிரபுவின் பெயர் பரவிவிட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவரிடம் மெக்கால்பைனின் புகைப்படத்தைக் காட்டவில்லை. பிறகு படத்தைப் பார்த்த பாதிக்கப்பட்டவர், 'நான் சொன்ன ஆள் இவரில்லை' என்று வருந்தினார். மறுநாள் காலை பிபிசியின் தலைவர் ஜார்ஜ் என்ட்விசில், பிபிசியின் சொந்த வானொலியிலேயே ஜான் ஹம்ப்ரிஸ் முன் உட்கார்ந்தார். தன் முதலாளி என்று ஹம்ப்ரிஸ் ஒரு கேள்வியையும் விடவில்லை. அன்றிரவே என்ட்விசில் விலகினார். பதவிக்கு வந்து 54 நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பேட்டியைக் கேட்ட நாளில் பிபிசி மீது என் மதிப்பு கூடியது. இதே பிபிசிதான், 1995-ல் டயானாவின் பேட்டியைப் பெறுவதற்காகத் தன் செய்தியாளர் போலி வங்கிக் கணக்கு அறிக்கைகளைக் காட்டியதை உள்ளுக்குள்ளேயே விசாரித்து, அவர் நேர்மையானவர் என்று 1996-ல் முடித்துக்கொண்டது. வெளியிலிருந்து ஒரு முன்னாள் நீதிபதி வந்து உண்மையைச் சொல்ல 2021 ஆயிற்று.

இனி என் சொந்தக் கதை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். மோசடி வழக்கில் ஒருவர் கைதானதாகச் செய்தி வந்தது. புகைப்படம் வேண்டும் என்றார்கள். கோப்பில் அதே பெயரில் இருந்த படத்தை எடுத்துப் போட்டேன். படத்தில் இருந்தவர் வேறு ஆள், ஒரு பள்ளி ஆசிரியர். அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. மறுக்க ஆளில்லை என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் ஆறாம் பக்கத்தில் நான்கு வரியில் வருத்தம் தெரிவித்தோம். ஒரு வாரம் கழித்து அவர் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கையில் இரண்டு நாளிதழ்களை வைத்திருந்தார். "இதை என் தெருவில் எல்லாரும் படித்தார்கள். இதை நான் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

உங்கள் அப்பா அந்தத் தெருவில் இருந்தவர்களைப் போன்றவர். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. குற்றச்சாட்டு எந்த நேரத்தில், எந்த முகத்தின் வாயிலிருந்து, எவ்வளவு நேரம் வந்ததோ, திருத்தமும் அதே நேரத்தில், அதே முகத்தின் வாயிலிருந்து, அதே அளவு நேரம் வர வேண்டும். அந்த மருத்துவருக்குப் பட்ட கடன் அது. அடியில் ஓடிய எழுத்தால் அந்தக் கடன் அடைந்துவிட்டதாக நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். செய்தி வந்த தேதி, நேரம், வாசித்தவர், திருத்தம் ஓடிய நாள் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, என் அப்பாவுக்கு நீங்கள் சொன்ன பொய்யை நீங்களே வந்து திருத்திச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். உங்கள் அப்பாவும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.