எட்டு லட்சமா, முப்பது லட்சமா? பிறந்த வீட்டுப் பங்கை எந்தக் கணக்கில் அளப்பது?

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா வாங்கிய ஓட்டு வீடு, மனை 1,800 சதுர அடி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, 2012 ஆவணியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து வீட்டுக்கு 24 லட்சம் என்று பேசி முடித்தோம். ஆளுக்கு 8 லட்சம். அண்ணனுக்குத் தம்பி கடன் வாங்கி உடனே கொடுத்துவிட்டான், அவரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம், "அக்கா, கொஞ்சம் பொறு. வீட்டு விலை ஏறுற அளவுக்கு ஏத்தியே கொடுக்கிறேன்" என்றான். அதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். நான் இன்னும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. இப்போது மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். தம்பியோ, "2012ல் வழிகாட்டி மதிப்பு என்னவோ, 2023லும் அதேதான், வீடு ஏறவே இல்லை" என்று 8 லட்சத்திலேயே நிற்கிறான். ரிசர்வ் வங்கி வீட்டு விலைக்கு ஒரு குறியீடு போடுகிறதாம், அதன்படி கொடுக்கச் சொல்கிறார் அண்ணன். தரகர், வீடு 90 லட்சம் போகும் என்கிறார். 2019ல் தம்பி 12 லட்சம் செலவழித்து மாடி எடுத்திருக்கிறான். எதிர் வீடு 2013ல் 21 லட்சத்துக்கு விற்றது, அதே வீடு 2024ல் வங்கிக் கடனோடு 46 லட்சத்துக்குக் கைமாறியது. எது நியாயம்? தம்பியோடு பேச்சு வார்த்தை நின்றுபோகக் கூடாது, அதுதான் என் பயம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிகவும் பெறுமானமுள்ள வரி, எதிர் வீட்டைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான். உங்கள் கணக்குக்கு அதுவே ஆணிவேர். அதற்கு வருமுன், மற்றவர்கள் சொல்லும் எண்களைப் பார்த்துவிடுவோம். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு அளவுகோலைக் கையில் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தம்பி சொல்லும் வழிகாட்டி மதிப்பு, முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் அடிப்படை. 2012 ஏப்ரலில் தமிழகம் முழுக்க அதை உயர்த்தினார்கள். 2017 ஜூனில் ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தார்கள், ஈடுகட்டப் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். 100 ரூபாய் மதிப்பு 67 ஆகி, மறுபடி 100க்கு வந்தது. 2017 ஜூனில் கும்பகோணத்து வீடு எதுவும் ஒரு ராத்திரியில் மூன்றில் ஒரு பங்கு விலை இறங்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் விலை அசையாமல் நிற்கவும் இல்லை. அசைந்தது வரிக் கணக்கு. அதை வைத்து வீட்டு விலையை அளப்பது, ஆற்றில் ஓடும் தண்ணீரைத் தண்ணீர்வரி ரசீதை வைத்து அளப்பது போல. தம்பியிடம் கோபப்படாமல் இந்த மூன்று தேதிகளையும் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

அண்ணன் சொல்வது வேறு தரம். ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு, பதிவுத் துறைகளில் பதிவான உண்மையான விற்பனைகளிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை தயாராவது. 2010-11ஐ 100 என்று வைத்துப் பல ஆண்டுகள் ஓடிய தொடரில் 10 நகரங்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும். தேசிய வீட்டுவசதி வங்கி 2007 முதல் வெளியிடும் ரெசிடெக்ஸ் குறியீட்டில் நகரங்கள் அதிகம். வங்கிகள் கடனுக்காகச் செய்யும் மதிப்பீடுகளும் அதில் சேரும். அங்கும் நம் பக்கம் சென்னையும் கோவையும்தான். தஞ்சாவூரும் கும்பகோணமும் மயிலாடுதுறையும் திருவாரூரும் இந்தக் கணக்குகளில் கிடையாது. மும்பை, டெல்லி அடுக்குமாடிகளின் ஏற்ற இறக்கம் கலந்த எண்ணை, காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் முற்றம் வைத்த ஓட்டு வீட்டின் மேல் போட்டால் பொருந்தாது. நாட்டின் போக்கு தெரிய அது நல்ல கருவி. முதல் சில ஆண்டுகளில் அந்தக் குறியீடு வேகமாக ஏறியதும், 2020-21 வாக்கில் ஆண்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டித் தளர்ந்ததும் அதில் தெளிவாகத் தெரியும். வீட்டு விலை வருஷா வருஷம் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் பங்கை அதைக் கொண்டு பெருக்க வேண்டாம்.

தரகர் சொல்லும் 90 லட்சம், கேட்கும் விலை. கொடுக்கப்பட்ட விலை அன்று. அதோடு தம்பி எடுத்த மாடியும் அதற்குள் இருக்கிறது. 24 லட்சம் 13 ஆண்டில் 90 ஆகியிருந்தால் ஆண்டுக்கு 10.7 சதவீதம் கூட்டு வளர்ச்சி. உங்கள் தெருவில் வேறு எதுவும் அந்த வேகத்தில் ஓடியதாக நீங்கள் எழுதவில்லை.

"தெருவில் விற்ற வீடுகளின் சராசரியை எடுத்துவிட்டால் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். அதிலும் ஒரு குழி இருக்கிறது. போன வருஷம் டவுனுக்குள் 10 மனை, சதுர அடி 4,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் டவுனுக்குள் அதே போல 10 மனை 4,200க்குப் போனது. கூடவே ஊருக்கு வெளியே ஒரு வயல் மனையாகி, 30 மனை 1,200க்குப் போனது. இப்போது சராசரி 1,950. டவுனில் ஒவ்வொரு மனையும் 5 சதவீதம் ஏறியிருக்க, சராசரி பாதியாகிவிட்டது! வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருக்கும் நம் டெல்டாவில் இந்தக் கலப்பு வருஷந்தோறும் மாறுகிறது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, விற்பனைக்கு வரும் சரக்கே ஒரேயடியாக மாறிப்போனது. அந்தச் சமயத்துச் சராசரிகளைப் பார்த்து விலை ஏறியது, இறங்கியது என்று சொன்னவர்கள், பெரும்பாலும் எந்த மனை விற்றது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு உலகமெங்கும் கண்ட வழி எளிமையானது. ஒரே வீடு இரண்டு முறை விற்றிருந்தால், அந்த இரண்டு விலைகளையும் மட்டும் ஒப்பிடுவது. வீடும் அதே, தெருவும் அதே, மாறியது காலம் மட்டும். அமெரிக்காவில் கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் இருவர் பெயரால் வழங்கும் குறியீடு இந்த முறையில் அமைந்ததுதான். நம்மைப் போலவே வாய்க்கால்களோடு வாழும் ஆம்ஸ்டர்டாமில், ஹேரன்கிராக்ட் என்ற ஒரே கால்வாய்க் கரை வீடுகளை 1628 முதல் 1973 வரை இப்படிப் பின்தொடர்ந்தார் பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற ஆய்வாளர். விலைவாசியைக் கழித்தால், மூன்றரை நூற்றாண்டில் அந்த வீடுகள் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகியிருந்தன. வீடு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று யாராவது சத்தியம் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்வாய்க் கரை நினைவுக்கு வரும்.

உங்கள் எதிர் வீடுதான் உங்கள் ஹேரன்கிராக்ட். 21 லட்சம் 11 ஆண்டில் 46 லட்சம், அதாவது 2.19 மடங்கு. ஆண்டுக்கு ஏறக்குறைய 7.4 சதவீதம். வங்கிக் கடனோடு வாங்கியதால் 46 லட்சம் என்ற எண்ணை வங்கியின் மதிப்பீட்டாளரும் பார்த்திருப்பார். ரொக்கமாகக் கைமாறும் வீடுகளில் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட பத்திரம் உங்கள் கணக்குக்கு உதவாது.

ஒரு வீட்டை மட்டும் நம்ப வேண்டாம். பதிவுத் துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் சர்வே எண்களைப் போட்டு, 2010 முதல் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை. ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை என்று ஒன்று, சந்தை மதிப்பு என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தச் 'சந்தை மதிப்பு' வழிகாட்டி மதிப்பிலிருந்து வருவது. இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பத்திரத்தை ஒதுக்கி வையுங்கள். கைமாற்றுத் தொகை தெளிவாக அதிகமாக இருந்து, அடுத்த பதிவே ஒரு வங்கியின் அடமானமாக இருந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆவண எண் என்றும் ஒரு இடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் அதே வீட்டின் பழைய விற்பனை கிடைக்கும். மூன்று நான்கு ஜோடி சிக்கினால் போதும். மாடி எடுத்த வீடு, இடித்துக் கட்டிய வீடு, சொந்தக்காரர்களுக்குள் எழுதியது இவற்றைச் சேர்க்காதீர்கள். இன்னொன்று, ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் யாரும் கிரயம் செய்வதில்லை, பண முடை உள்ளவர் மட்டும்தான் விற்பார். ஆகவே ஆவணி விலையை ஆவணி விலையோடும் தை விலையைத் தை விலையோடும் வைத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது கணக்கு. ஆண்டுக்கு 7.4 சதவீதம் என்றால் 13 ஆண்டில் 2.53 மடங்கு. உங்கள் 8 லட்சம் ஏறக்குறைய 20 லட்சத்து 20 ஆயிரம். வீடு முழுவதுக்கும், மாடி இல்லாமல், சுமார் 60 லட்சம்.

இந்த எண்ணை இரண்டு பக்கம் உரசிப் பார்த்தேன். வருமான வரிக்கான பணவீக்கக் குறியீடு 2012-13ல் 200, 2025-26ல் 376. அதன்படி உங்கள் 8 லட்சம் 15 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். நகர்ப்புற விலைவாசி ஏற்றத்தில் முக்கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வது அந்தக் குறியீடு, ஆகவே 15 லட்சம் என்பது தரைமட்டம். அதற்குக் கீழே வாங்கினால் உங்கள் 8 லட்சத்தின் வாங்கும் சக்தியே தேய்ந்துவிட்டது என்று பொருள். மறுபக்கம், அதே பணத்தை 7 சதவீத வைப்பு நிதியில் போட்டு, வட்டியையும் எடுக்காமல் விட்டிருந்தால் 19 லட்சத்துக்குச் சற்று மேல். 20 லட்சம் என்ற எண்ணை இந்த இரண்டும் பக்கத்தில் நின்று தாங்குகின்றன. தங்கத்தை மட்டும் பேச்சில் இழுக்காதீர்கள். "அன்னிக்கு நகை வாங்கிப் போட்டிருந்தா" என்று யாரோ ஆரம்பிப்பார்கள். தாளில் எழுதியிருப்பது வீட்டு விலை.

மாடி விஷயத்தில் தம்பி பக்கம் நியாயம் முழுமையாக இருக்கிறது. அந்த 12 லட்சமும் அது ஏற்றிக் கொடுத்த மதிப்பும் அவருடையவை, உங்கள் பங்குக்குள் வராது. இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பேச்சு சுமுகமாக நடக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. 13 வருஷமாக வீட்டு வரி கட்டினேன், ஓடு மாற்றினேன் என்று அவர் சொன்னால், அதே 13 வருஷம் உங்கள் பங்குக்கு வாடகை வாங்காமல் இருந்தீர்கள் என்பது அதற்குச் சரியாகிவிடும். அதற்குமேல் அந்தக் கணக்கைத் தோண்டாதீர்கள்.

சட்டப் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் விடுதலைப் பத்திரம் எழுதாதவரை அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பெயரில்தான் நிற்கிறது, இன்றைய விலையில். அந்தத் தாள் அந்த உரிமையை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதை ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் பணத்தளவில் பெரிய மாற்றம் வராது என்று நினைக்கிறேன். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூப்பிட்டு, 'மாடியை நீக்கி, நிலமும் கீழ்க்கட்டடமும் மட்டும் இன்று என்ன பெறும்' என்று எழுதி வாங்குங்கள். கட்டணத்தை நீங்களும் தம்பியும் பாதிப் பாதி போடுங்கள். ஒருவர் மட்டும் கொடுத்தால் மற்றவர் அந்த அறிக்கையை நம்பமாட்டார். அவர் 55க்கும் 65 லட்சத்துக்கும் இடையில் சொன்னால் உங்கள் தெருக் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகின்றன. ரொம்பத் தள்ளிப்போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வரிக்கு ஒரு வார்த்தை. குடும்ப ஏற்பாடாக எழுதுகிறீர்களா, விலை பெற்றுக்கொண்டு விடுதலை செய்கிறீர்களா என்பதைப் பொறுத்து மூலதன ஆதாய வரி மாறும். எழுதுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள். எழுதிய பிறகு காட்டிப் பயனில்லை.

தம்பியால் 20 லட்சத்தை மொத்தமாகப் புரட்ட முடியாமல் இருக்கலாம். 2012ல் அண்ணனுக்காக வாங்கிய கடன் இப்போது தீர்ந்திருக்குமானால், அந்த வீட்டின் பேரிலேயே அவருக்குப் புதுக் கடன் கிடைக்க வாய்ப்புண்டு. கடன் பத்திரத்தில் நீங்களும் உடன் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கி கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் உங்கள் கணக்கில் வரவாகும் நாளும் நீங்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் நாளும் ஒன்றாக இருக்கட்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வைத்தே. தவணையாகத்தான் தருவார் என்றால், மிச்சத் தொகைக்கும் அதே 7.4 சதவீதம் ஏறும் என்று புதிய தாளில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். 'விலை ஏறுற அளவுக்கு' என்ற பழைய வாசகம் மறுபடி வரவே கூடாது.